உன் அப்பாவின் சாய்வு நாற்காலி

கான்தூ,
14 நவம்பர் 1988

அன்புள்ள நோரினாவுக்கு,

முப்பத்தோரு வருடங்களுக்குப் பிறகு உன்னை 'நீ' என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. 'நீங்கள்' என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். எல்லைக்கு அப்பால் பெல்லின்சோனாவில் இருக்கும் உன் விலாசத்தை உன் சித்தி மகள் பியேரா கொடுத்தாள். உடனே கொடுத்துவிடவில்லை. "இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்டாள். உனக்குப் பேரன் பிறந்திருப்பதையும் அவள்தான் சொன்னாள். மிகவும் சந்தோஷம்.

போன செவ்வாய்க்கிழமை மிலானிலிருந்து ஒரு பெண் வேனில் வந்தாள். பழைய மரச்சாமான் வியாபாரி. இரண்டு சாய்வு நாற்காலிகளை இறக்கி, "ஐயா, இது ஐம்பத்தேழுல நீங்க வரைஞ்சதுதானே? ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பெரிய இடத்துல கேக்குறாங்க" என்றாள். வால்நட் மரம், கத்தி போல மெலிந்த கைப்பிடி. துணி மட்டும் மாறியிருந்தது. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் பென்சிலில் உன் எழுத்து: "அப்பாவுக்கு. முதுகு இன்னும் இரண்டு விரல் சாயணும்."

அதே நாற்காலி.

படுத்தால் மூச்சுத் திணறுகிற மனிதர் எப்படிச் சாய்ந்தால் தூங்குவார் என்று தலையணைகளை அடுக்கி அளந்து, நீ வரைந்தது அது. நான் மரத்தை அறுத்தேன், அவ்வளவுதான். மரச்சாமான் கண்காட்சியில், நான் செய்த இன்னொன்றோடு ஜோடியாக வைக்க வேண்டும் என்று அதைக் கேட்டு வந்தபோது நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். "நாலு நாளாத்தான் அப்பா கண்ணசந்து தூங்குறாரு, எஜீதியோ. வேற எதையாவது கொண்டு போ" என்றாய். உள்ளேயிருந்து உன் அப்பாதான், "உன்னக் கல்யாணம் பண்ணிக்கப் போற பையன், குடுத்து விடும்மா. ஒரு வாரந்தானே" என்றார். ஒரு வாரம் என்று அவரிடம் சொல்லியிருந்தவன் நான்.

ஜெனோவாக்காரர் ஒருவர் ஜோடியையும் கேட்டார். கொடுத்துவிட்டேன். வரைந்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். மேலும் நாற்பது நாற்காலிக்கு ஆர்டர் வந்தது. விற்றதற்குப் பதிலாக உன் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய நாற்காலியை இதோ அதோ என்று கடைசிக்குத் தள்ளினேன். அதைக் கொண்டுவந்தது அவர் அடக்கம் முடிந்த மறுநாள். நீ அழவில்லை. "இப்ப யாரு உக்கார?" என்று மட்டும் கேட்டாய். அதை அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றிப்போய், அதையும் விற்றேன். இது உனக்குத் தெரிந்திருக்காது.

வரைந்தது நோரினா, நான் இல்லை என்று அந்த வியாபாரிப் பெண்ணிடம் சொன்னேன். "அந்தப் பேரு யாருக்குத் தெரியும்? ஏன் ஐயா வியாபாரத்தக் கெடுக்குறீங்க?" என்று கோபித்தாள். வெகுநேரம் கெஞ்சிய பிறகு உன் எழுத்து இருந்த அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

இப்போது என் முன்னறையில் இருக்கிறது. நேற்று மருமகள் அதில் உட்காரப் போனாள். என்னையறியாமல் அதட்டிவிட்டேன். "பாத்துக்கிட்டே இருக்கவா மாமா வாங்கினீங்க?" என்றாள் பாவம்.

உனக்கு அனுப்பட்டுமா, நோரினா? எல்லையில் ஆகவேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல்லையாவது நீயே எழுது, யாரிடமும் சொல்லியனுப்பாதே. பேரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீ நன்றாக உறங்கு.

எஜீதியோ