தோளில் ஒரு கை

நெல்லித்தோப்பு
4 மே 2025

அன்புள்ள அனம்,

இங்கே எல்லோரும் நலம். வெயில் எங்களைவிட நலம். குளிர்நாடுகளில் இலை உதிர்வதைப் பார்த்து மாதம் போனதை அறிவார்களாம், படித்தேன். நமக்கு வருடம் முழுக்க ஒரே வெயில். தெருமுனையில் பேனர் மாறினால்தான் நாள் போனது தெரிகிறது. இப்போதெல்லாம் அது வேகமாக மாறுகிறது.

முக்கியமான செய்தி: எங்கள் வீட்டில் தங்கி நீ பதினொன்றாம் வகுப்புப் படிக்க அப்பா சம்மதித்துவிட்டார். "அதுக்கென்னம்மா, அனமும் நம்ம வீட்டுப் பொண்ணுதான. வரச் சொல்லு" என்றார்.

அப்பா இப்போது தலைவர் கட்சியின் வார்டு செயலாளர். 'நம்ம ஊரு நமக்கே' என்று தலைவர் பேசுவது உங்களைப் பற்றி இல்லையாம். தலைவரின் பிறந்தநாள் பேனரில் போட என் படம் கேட்டார்கள். பேச்சுப்போட்டியில் வென்ற அன்று நாம் சேர்ந்து எடுத்ததைக் கொடுத்தேன்.

உன்
பூர்ணிமா


காரைக்கால்
13 மே 2025

அன்புத் தோழிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதமா எழுதுவது? இருந்தாலும் பத்து முறை படித்தேன்.

அத்தா முதலில், "வேணாம்மா, ஊரு முன்ன மாதிரி இல்ல" என்றார். உன் அப்பா சொன்னதைப் படித்துக் காட்டினேன். "ஹரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எங்கள் கடையைக் காலி செய்யச் சொல்லி அந்தக் கட்சிக்காரர்கள் கத்திய அன்று, உன் அப்பா மட்டும்தானே எங்கள் பக்கம் நின்றார்.

26ஆம் தேதி விண்ணப்பம் கொடுக்க வருகிறோம். மதியம் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் ஊரைவிட்டு வந்து ஒரு வருடமாம்! எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது.

என்றும் உன்
அனம்


நெல்லித்தோப்பு
28 மே 2025

அன்புள்ள அனம்,

மாலைவரை காத்திருந்தோம். அம்மா சோற்றில் தண்ணீர் ஊற்றிய பிறகு, உங்களைத் தேடித் தெருமுனைக்குப் போனேன். அப்போதுதான் பேனரைப் பார்த்தேன். முந்தின நாள்தான் கட்டியிருக்கிறார்கள். நீ இல்லை. என் தோளில் உன் கை மட்டும் இருந்தது.

அப்பாவிடம் கேட்டேன்.

"எடம் பத்தலம்மா. தலைவர் படம் பெருசா வரணும்ல."

"கை மட்டும் இருக்குதேப்பா?"

"கைய யாரு பாக்கப் போறா? அடுத்த வாரம் வேற பேனர் வந்துடும். நீ சாப்புடு."

அவர் கோபத்தில் செய்யவில்லை, அனம். உனக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தவரும் அவர்தான். மறுநாள் டியூஷனுக்கு அதே பேனர் நிழலில் நின்றுதான் பஸ் ஏறினேன். வேறெங்கும் நிழல் இல்லை. இதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

நீங்கள் அதைப் பார்க்கவில்லை, வேறு ஏதோ காரணத்தால் வரவில்லை என்று எழுது. சேர்க்கை முடிய இன்னும் நாள் இருக்கிறது.

உன்
பூர்ணிமா


காரைக்கால்
6 ஜூன் 2025

பூர்ணிமாவுக்கு,

வந்தோம். உங்கள் தெருமுனை வரைக்கும் வந்தோம். உன் அம்மாவுக்கென்று வாங்கிய அல்வா அத்தா கையில் இருந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"இது ஒன் கைதானம்மா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"பஸ்ஸு இருக்கும். வா."

மறுநாளே என்னை இங்கே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்.

உன் அப்பா கோபத்தில் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபமென்றால் ஒருநாள் ஆறும்.

இடம் போதவில்லை என்று எழுதியிருந்தாய். நான் நின்ற இடத்தில் தலைவரையும் போடவில்லை, வேறு யாரையும் போடவில்லை, பூர்ணிமா. வெறும் நீல நிறம்தான் இருந்தது.

அனம்