கூடாரத்துக் கறிவேப்பிலை

ஜூலை 9, புதன்

இந்த நாட்டு ஜூலைக் குளிரில் பட்டுப்போகாமல் இருக்கக் கறிவேப்பிலையை அறைக்குள் சின்னக் கூடாரம் அடித்து, விளக்குப் போட்டு வளர்க்கிறேன். கூடாரம் விற்ற டண்டினொங் கடை வெள்ளைக்காரன் அதைக் கஞ்சா என்றே நினைத்திருந்தான். கறிக்கு என்று நான் சொன்னபோது கண்ணடித்தவன்.

இன்று உரம் வாங்கப் போனேன். பூத்துவிட்டதா என்று மெல்லக் கேட்டான். பூவையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டேன், அப்போதுதான் இலை தழைக்கும் என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டான். கஞ்சா வளர்ப்பதே பூவுக்காகத்தானாம். பாவமாக இருந்தது. சிநேகிதிக்கென்று கொண்டுபோன கறிவேப்பிலைக் கொத்தை எடுத்து நீட்டினேன். மணந்து பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"உம்மைப் பாத்தும் ஒருத்தன் கஞ்சாக்காரி எண்டு நினைச்சவனோ?" என்று வீட்டில் இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

நினைத்தான். நான்தான் கொத்தை நீட்டிக் கெடுத்துவிட்டேன்.