முப்பத்துநாலு டிகிரி

ஆனி, செவ்வாய் இரவு.

குஞ்சுகள் பிழைத்துவிட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை.

நேற்றுத்தான் கோழிக்குஞ்சுகளை ஷெட்டில் இறக்கினோம். இன்று மத்தியானம் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழைக்காற்று அடித்ததும் உள்ளே சத்தம் மாறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், சூட்டுக்குப் போட்ட பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அந்தக் குளிரிலும் ஃபேன்கள் ஓடுகின்றன. ஷெட்டின் சூடு முப்பத்துநாலு டிகிரியைத் தொட்டால்தான் ஃபேன் ஓடும்படி நான் கன்ட்ரோலரில் வைத்திருந்தேன்; அது இருபத்தெட்டாக மாறியிருந்தது. துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர்தான் அங்கிருந்து போனிலேயே மாற்றியிருக்கிறார்.

ஃபேனை நிறுத்தி, படுதாவை இறக்கி, குவியலைக் கையால் பிரித்துவிட்டேன். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

“ஏட்டி, குஞ்சு வெந்துபோவும்னுதான் கொறச்சேன். இங்க வெளிய நிக்க முடியல்ல.”

“அங்க உள்ள வெயிலுக்கு இங்க எதுக்கு ஃபேன் போடுதிய? இங்க மழையாக்கும் பெய்யுது. குஞ்சுக்குச் சூடு வேணும்.”

போனை வைத்தேன்.

மறுபடி முப்பத்துநாலில் ஓடவும் முப்பத்திரண்டில் நிற்கவும் வைத்தேன். சாயந்திரத்துக்குள் குஞ்சுகள் ஷெட் முழுக்கப் பரவித் தீவனம் கொத்தத் தொடங்கின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது.

கன்ட்ரோலரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். தனக்கு வேர்த்தால் இங்கே ஃபேன் போடத் தோன்றுகிறது அந்த மனுஷனுக்கு. பாவம்தான். ஆனாலும் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டால் சொல்ல மாட்டேன்.