தொங்கும் தாழ்ப்பாள்

என் கோபக்காரக் கப்பல்காரருக்கு,

நூலகத்தில் நாற்காலி துடைக்கப் போன இடத்தில் ஒரு பேச்சைக் கேட்டேன். அந்தக் காலப் போரில் கப்பல் மூழ்கி, பதினேழு மணி நேரம் கடலில் மிதந்து பிழைத்த கிழவர் பேசினார்.

"எப்படித் தாங்கினீங்க?" என்று ஒரு டீச்சர் கேட்டாங்க.

"கிளம்புற அன்னைக்குப் பொண்டாட்டியோட சண்டைம்மா. பாதியில வந்துட்டேன். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லாம எப்படிச் சாகிறது?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தேன்.

நீங்களும் குளியலறைத் தாழ்ப்பாள் சண்டையில்தானே முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போர்க்கப்பல் ஏறினீங்க? போர்ச் செய்தி வந்தால் நான் ரேடியோவை அணைச்சிடுறேன்.

நாளைக்குத் தச்சரை வரச் சொல்லியிருந்தேன். வேண்டாமென்று சொல்லிட்டேன். தாழ்ப்பாள் தொங்கட்டும். ஆறு மாசமா ஏன் மாட்டலைன்னு கேட்டேனே, நேரில் வந்து பதில் சொல்லுங்க.

இப்படிக்கு,
இன்னும் சண்டையில் இருக்கும் உங்க வாயாடி