நீங்கள் அடைத்துவிட்டுப் போன பொனற்

இஞ்சாருங்கோ,

இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். கடிதத்தை வேறு மாதிரித் தொடங்கவேண்டும் என்பார்கள். எனக்கு அது வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை.

இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கடற்கரைப் பக்கமிருந்து குங்கிலியம் காய்ச்சுகிற மணம் வந்தது. யாரோ பழைய மரவள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறார்கள். யன்னலைச் சாத்திப் பார்த்தேன். மணம் போகவில்லை. துருவின தேங்காயை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். மத்தியானச் சோறு பிந்தும். பரவாயில்லை, இப்போது நேரம் பார்த்துச் சாப்பாடு கேட்க ஆளில்லை.

கடலில் பாய்மர வத்தை ஓட்டுகிற தண்டையலுக்குத் தரையில் கார் எதற்கு என்று வல்வெட்டித்துறையே கேட்டது. நானும் கேட்டேன். நீங்கள் அந்தக் கறுப்பு ஏ போட்டிக் காரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பொம்பிளை பார்க்க வந்தவர் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். சந்நிதி கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். கார் ஓட்டினதும் வத்தை ஓட்டின மாதிரித்தான். "சோளகப் பக்கத்தாலை ஒரு ஆள் வாறார், பாரும்" என்பீர்கள். சோளகம் எந்தப் பக்கத்தால் வீசுகிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் வேலிக்குள் பாய்ந்திருப்பார்.

உங்களுக்கு ஒரே பயம் இரும்பைத் துருவேற்றுகிற உப்புக்காற்று. ஒவ்வொரு முறை நாகபட்டினம் போய்வந்ததும் வீட்டுக்குள் வரமுதல் காரைத்தான் தடவிப் பார்ப்பீர்கள். எங்கேயாவது ஒரு துரும்பு கறள் கண்டால் முகம் கறுத்துவிடும். கடைசிப் பயணத்துக்கு முதல் இரண்டு நாள் மினக்கெட்டு, வள்ளத்துப் பலகை இடுக்குகளுக்குச் செய்கிற வேலையைக் காருக்குச் செய்தீர்கள். எஞ்சினை மூடுகிற பொனற்றைச் சாத்தி, சுற்றிவர இருந்த இடுக்கு முழுக்கப் பஞ்சுத்திரி திணித்து, அதற்குமேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றி, பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனீர்கள். உலகத்தில் எவனாவது காருக்கு இப்படிச் செய்திருப்பானா? எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும்.

அப்போது பிள்ளைக்குப் பத்து மாதம். அவளுக்குக் காய்ச்சல், எனக்கு நித்திரையில்லை. "உந்தக் காரோடையே குடும்பம் நடத்துங்கோ" என்று கத்தினேன். நீங்கள் நிமிர்ந்தும் பார்க்காமல் சிரித்தீர்கள்.

"நான் வந்து திறப்பன். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நீரும்தான்."

அந்த 'நீரும்தான்' எனக்குச் சுட்டது. அடுத்தநாள் விடிய நீங்கள் "போட்டு வாறன்" என்று படலையில் நின்று சொன்னபோது நான் அடுப்படியில் இருந்து பதில் சொல்லவில்லை. கேட்டது. சொல்லவில்லை.

சரக்கு இறக்கியாயிற்று என்று அக்கரையில் இருந்து உங்கள் கடிதம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கூடப் போன மூன்று பேரும் அக்கரைக்காரர். இங்கே விசாரிக்க ஒருவரும் இல்லை. வத்தை திரும்பும்போது கடலில் மூழ்கிப் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வருடம் நாகபட்டினம் போய்வந்த ஒருவர், கடைத்தெருவில் உங்களைப்போல ஒருவரைக் கண்டதாகவும் பக்கத்தில் ஒரு பெண் நின்றதாகவும் சொன்னார். வடிவாகப் பார்த்தீர்களோ என்று கேட்டேன். முதுகுதான் தெரிந்ததாம்.

அந்த முதுகை நான் பதினொரு வருடம் நம்பினேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் கடலில் போனீர்கள் என்றால் நான் பொட்டை அழிக்கவேண்டும். அக்கரையில் இன்னொருத்தியோடு இருக்கிறீர்கள் என்றால் அழிக்கத் தேவையில்லை. செத்த நல்லவரை விட உயிரோடு இருக்கிற கெட்டவரே போதும் என்று முடிவெடுத்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் முற்றம் கூட்டும்போது உங்களுக்குப் பேச்சு விழும். அவளுக்கும் விழும். அவளுக்கு நான் ஒரு முகம்கூட வைத்திருந்தேன், கொஞ்சம் மிதந்த பல்லோடு.

உங்கள் பெரியண்ணை இரண்டு மூன்று தரம் வந்து, தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடிப்போம் என்றார். "உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஏன் கொள்ளி?" என்று கேட்டேன். அவர் எழும்பிப் போனார். காரை விற்றுவிடலாம் என்று என் தம்பி அலவாங்கோடு வந்து பொனற்றை நெம்பப் பார்த்தான். அவனையும் படலை மட்டும் துரத்தினேன். நீங்கள் சாத்தினது, நீங்கள்தான் வந்து திறக்கவேண்டும். திறக்கிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று உங்களை வாய் நிறையக் கேட்கவேண்டும் என்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்ற காலத்தில் அருளப்பு வந்தார். குருநகர் ஆள். மீன்பிடிக் குடும்பம், ஆனால் கடலுக்குப் போகாமல் அச்சுவேலியில் கார்களுக்குத் தகரம் அடித்து நிமிர்த்துகிற வேலை. யாருடைய காருக்கோ கதவுப் பிடி தேடி வந்தவர். சும்மா நிற்கிற காரைப் பிரித்துத் தரமுடியுமோ என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த ஏச்சில் வேறு ஆள் என்றால் திரும்பி வந்திருக்கமாட்டான். அவர் அடுத்த கிழமையே வந்தார்.

"அக்கா, பிடி வேண்டாம். உங்கடை கார் சாகுது. மட்காட் ரெண்டும் ஓட்டை விழுந்திட்டுது, கீழ்த்தகரம் உதிருது. புதுத்தகரம் வைச்சுப் புதுக்கார் ஆக்கமாட்டன். உள்ளதையே நிமிர்த்தி, பழுதை மட்டும் வெட்டி ஒட்டித் தாறன். ஆனால் பொனற் திறக்காமல் முன்பக்கம் செய்யேலாது."

ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மகள் பின்னால் நின்றாள். பன்னிரண்டு வயது, வாய் என்னுடைய வாய்.

"அப்பா வந்தால் காரைப் பாத்திட்டு உங்களைத்தானே பேசுவார்" என்றாள்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. நீங்கள் வந்து நின்று, 'என்ரை காரை என்ன செய்து வைச்சிருக்கிறீர்' என்று என்னைக் கேட்கக்கூடாது. கேள்வி கேட்கிற பக்கம் நானாக இருக்கவேண்டும். உங்கள் வரவுக்காகத்தான் சம்மதித்தேன். இதை நீங்கள் தெரிந்திருக்கவேண்டும்.

அருளப்பு அலவாங்கைத் தொடவில்லை. இடுக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கப்பல் ஒட்டெல்லோ. என்ரை அப்புவும் இப்பிடித்தான் வள்ளத்துக்கு அடிக்கிறவர்" என்றார். என்னைத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார். நான் பானை பானையாகக் காய்ச்சிக் கொடுத்தேன். சாக்கை நனைத்து இடுக்கின்மேல் போட்டு, குங்கிலியம் இளகினதும் ஒரு மரச்சீவலால் கிண்டிக் கிண்டிப் பஞ்சை வெளியே இழுத்தார். சாணளவுக்கு ஒருமுறை உங்கள் பெருவிரல் அடையாளம் இருந்தது. பதினொரு வருட வெயிலுக்கும் மழைக்கும் அழியாத ரேகை. நான் காய்ச்சின தண்ணீரில் ஒவ்வொன்றாக அழிந்தது.

"ஒண்டை மட்டும் விடேலாதோ?" என்று கேட்டேன்.

"விட்டால் திறக்கேலாது, அக்கா."

பஞ்சு முழுக்க வந்தபிறகும் பொனற் அசையவில்லை. உள்ளே இருந்து இழுக்கிற கம்பி கறள் பிடித்து அறுந்துபோயிருந்தது. அடுத்தநாள் காலை அவர் சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, முன்சல்லடைக்குள்ளால் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொளுக்கியைத் தேடினார். அரைமணித்தியாலம் இருக்கும். டக் என்று ஒரு சத்தம். இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினார்.

உள்ளே எஞ்சினுக்குப் பாய்த்துணி போர்த்திருந்தீர்கள். ஓரங்களை மடித்துக் கட்டியிருந்தீர்கள், பிள்ளைக்குப் போர்த்தின மாதிரி. துணியை எடுத்தால் ஒரு பொட்டுக் கறள் இல்லை. தண்ணீர் எல்லாம் வடித்திருந்தது. பிளக் கழற்றின நாலு துளைக்கும் எண்ணெய் விட்டுத் தக்கை அடைத்திருந்தீர்கள். நாலு பிளக்கும் என் நீலச் சேலைக் கிழியலில் தனித்தனியே சுற்றிப் பக்கத்தில் இருந்தன. அந்தச் சேலையைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று நான் அடுத்தவீட்டு வேலியெல்லாம் தேடினேன். விசிறிக்கு ஒரு புது பெல்ற்றும் நூலில் கட்டித் தொங்கியது.

அருளப்புவுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. காரின் சொந்தக்காரர் தூரத்தில் எங்கேயோ வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எஞ்சினைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"விட்டிட்டுப் போற மனுசன் இப்பிடிச் செய்யான், அக்கா. இது வந்து இறங்கின அண்டைக்கே ஸ்டாட் பண்ணி உங்களை ஏத்திக்கொண்டு போறதுக்குச் செய்து வைச்ச வேலை. எப்ப வாறார்?"

நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்பில் கேத்தலை வைத்தேன். தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகின மணம் வரும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

எனக்கு அந்த அடுப்படியில்தான் விளங்கியது. அக்கரையில் ஒருத்தியை வைத்திருந்தவர் பெல்ற் வாங்கி வைக்கமாட்டார். பிளக்கைச் சுற்ற மனைவியின் சேலையைத் திருடமாட்டார். நீங்கள் வரத்தான் போனீர்கள். வரத்தான் போனவர் பதினொரு வருடமாக வரவில்லை என்றால் அதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்கமுடியும். நீங்கள் நல்லவர் என்று தெரிந்த அதே நிமிடத்தில் நீங்கள் இல்லை என்றும் தெரிந்தது. இரண்டையும் தனித்தனியே தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாளாவது இடைவெளி தந்திருக்கலாம். யாரை நோவது?

நெற்றியை நானே அடுப்படிக் கழுநீரில் கழுவினேன். மகள் வந்து பார்த்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு நேரத்துக்குப் பெரியண்ணைக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து என் நெற்றியைப் பார்த்தார். "சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அடுத்த கிழமை கடற்கரையில் தர்ப்பை உருவத்துக்கு அவர்தான் கொள்ளி வைத்தார். காரைத் திறந்து இவள் என்னத்தைக் கண்டாள் என்று ஊர் கேட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதன்முதலாக உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அருளப்பு விசயம் அறிந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். தான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று பல தரம் சொன்னார். பிறகு இரண்டு மாதம் வந்து வேலை செய்தார். மட்காட்டை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி உங்கள் காலத்து வளைவுக்கே கொண்டுவந்தார். வேலை முடிந்து தக்கைகளைக் கழற்றி, உங்கள் பிளக்கையே போட்டு, உங்கள் பெல்ற்றையே மாட்டி, முன்னால் கைப்பிடி விட்டு எஞ்சினைச் சுழற்றினார். நாலாம் தரத்தில் எஞ்சின் பிடித்தது. மகள் கைதட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு இரும்பு உங்களை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது, நான் இருக்கவில்லை.

மகள் இப்போது பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வருவாள். போன கிழமை எனக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்: "அம்மா, அப்பாவிலை உங்களுக்கு இன்னும் கோவம் இருக்கோ?"

இல்லை என்றேன். அவள் சந்தோசப்பட்டாள். அதற்குமேல் அவளுக்கு நான் சொல்லவில்லை.

கோபம் இருந்தவரைக்கும் நீங்கள் எங்கேயோ உயிரோடு இருந்தீர்கள். காலையில் எழும்பினால் ஏசுவதற்கு எனக்கு ஒரு மனிதர் இருந்தார். இப்போது கையில் இருப்பது உங்கள்மேல் உள்ள பாசம் மட்டும்தான். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்கு இடமில்லை, இஞ்சாருங்கோ.