தவிட்டில் வரைந்த மணல்சீமை

மில்லில் நெல் அரைத்துவிட்டு, தவிடு கொட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன், அண்ணி. சூடான தவிட்டு வாசனை மூக்கில் ஏறியதும் கை சும்மா இருக்கவில்லை. குவியலுக்குள் விரலை விட்டு ஓர் ஆற்றை இழுத்தேன். அதன் கரையில் ஒரு ஊரைக் கிள்ளி வைத்தேன். "ஆயா, இன்னா கையை உட்டு கிளறிக்கினு கீறே? கோணியைப் புடி" என்று மில்காரன் கத்தினான். ஊர் கட்டுகிறேன் என்று சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? கோணியைப் பிடித்தேன். வீடு வந்த பிறகும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், மருமகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். நீ கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஆனாலும் உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பாடியிலிருந்து கள்ளிக்குப்பத்துக்கு, எங்கள் வீட்டுக்கு நீ வாழவந்த மறு வருஷம் அண்ணன் பட்டாளத்துக்குப் போனான். யுத்தத்துக்காக ஆவடியில் வெள்ளைக்காரன் கொட்டகை போட ஆள் எடுத்த சமயம். மண் சுமக்கப் போன அண்ணன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். நைனா அவனோடு பேசவே இல்லை. அம்மா அழுதாள். நீ மட்டும், "சட்டை தொளதொளன்னு கீது, கழட்டுங்க, புடிச்சித் தர்றேன்" என்றாய். கப்பலேறிய பிறகு அவன் போட்ட கார்டுகளை நான்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஊர்ப் பெயர் இருக்காது, எழுதக் கூடாதாம். எங்கே பார்த்தாலும் மணல் என்று மட்டும் எழுதியிருப்பான். பிறகு கார்டும் நின்றுபோனது.

"மணல்னா எவ்ளோ மணல் புள்ளே? கூவத்துல கீதே, அவ்ளோவா?" என்று நீ கேட்டது உலக்கையும் கையுமாக நாம் நெல் குத்திக்கொண்டிருந்தபோது. அதைவிட நிறைய என்றேன், பெரிய உலகம் கண்டவள் மாதிரி. நீ முறத்தில் கிடந்த தவிட்டை உள்ளங்கையால் பரப்பினாய். "இதான் மணலு. இதுல அவுரு எங்க கீறாரு, சொல்லு" என்றாய். அன்று பிறந்ததுதான் நம்முடைய மணல்சீமை.

எத்தனை ஊர் கட்டினோம்! மணலுக்கு அடியில் ஒளிந்து ஓடி, நினைத்த இடத்தில் தலையை நீட்டுகிற கள்ளாறு உன்னுடையது. உறவுக்காரர் வீட்டுக்குப் போவதுபோல ஊர்விட்டு ஊர் போய் வருகிற மணல்மலைகள் என்னுடையவை. கூரைவாசல் என்ற ஊரில் மணல் ஏற ஏற, வாசலைக் கூரையில் வைத்துக்கொண்டார்கள். விருந்தாளி மேலே இருந்துதான் குதிக்க வேண்டும். நிழலூரில் ஒரே ஒரு பாறை. நம் ஏரியில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் அவர்கள் நிழலுக்கு முறை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு தெருக்காரர்கள் முறை தப்பி நிழலை மடக்கிக்கொண்டதில் அடிதடியாகி அந்தச் சனமே அழிந்தது. உப்பாலேயே கோட்டை கட்டினவர்களும் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக மழைக்கு ஏங்கிக்கிடந்து, ஒரு நாள் மழை கொட்ட, எல்லாரும் தெருவில் கூத்தாடிக்கொண்டிருந்தபோதே கோட்டை கரைந்து ஓடிவிட்டது. அந்தக் கதையை நீ சொன்ன அன்று சிரித்துச் சிரித்து உலக்கையைக் காலில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் நீ ஓர் ஏரி வைத்தாய். கரை, மதகு, கரைமேல் எல்லையம்மன் எல்லாம் வைத்தாய். "மணல் தேசத்துல ஏரி ஏது அண்ணி?" என்று எத்தனை தரம் மல்லுக்கு நின்றிருப்பேன். "ஏரி இல்லாம ஊரு எப்பிடி இருக்கும்? உங்க அண்ணன் எங்க குளிப்பாரு?" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அம்பத்தூர் ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்கு ஏரி இல்லாத ஒரு பாலைவனத்தை நினைக்கத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்துக் கிராமங்களில் யார் வீட்டுக்காவது பட்டாளத்திலிருந்து கெட்ட சேதி வந்தால், அன்றைக்கே அண்ணனை அடுத்த ஊருக்கு நகர்த்துவாய். அவன் கிளம்பியதும் முறத்தை ஒரு தட்டுத் தட்டுவாய். பழைய ஊர் தவிட்டுக்குள் போய்விடும். பாவம், அந்தச் சனம் என்ன செய்தது என்று கேட்டால், "பின்னால ஊரு இருந்தா திரும்பிப் பார்க்கத் தோணும். அவுரு முன்னால போயிக்கினே இருக்கணும்" என்பாய். அப்போது அது எனக்குச் சரியாகவே பட்டது.

அதற்கு நடுவில்தான் எனக்கு மாப்பிள்ளை வந்தது. திருமழிசைக்காரர்கள் பூ வைக்க வருவதாகச் சொல்லி அனுப்பியதும் பெரியப்பா நைனாவைப் பிடித்துக்கொண்டார். "இருக்கானா இல்லியான்னு தெரியாதவன் பொண்டாட்டி, பூ வைக்கிற எடத்துல எப்பிடி நிக்கும்? ஒரு முடிவு பண்ணு. காரியத்தைப் பண்ணிட்டா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க." காரியம் என்றால், உயிரோடு இருக்கக்கூடிய என் அண்ணனுக்குக் கருமாதி. உன் கழுத்துத் தாலியை இறக்கி, உன்னை உள்கட்டில் உட்கார வைப்பது. அதுவும் என் கல்யாணத்துக்காக! நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "நீ ஏன் குதிக்கிறே? உனக்குப் பூ நான்தான் வெப்பேன்" என்று நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

சொன்னபடி செய்தாய். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நீயே என் கையைப் பிடித்து அழைத்துவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தாய். மாப்பிள்ளையின் அத்தை உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உம் புருஷன் எங்கம்மா கீறாரு?" என்றாள். பெரியப்பா இருமினார்.

நீ கண்ணைக்கூட சிமிட்டவில்லை. "கூரைவாசல் தாண்டிட்டாரு. இப்போ கள்ளாத்துக்கு மேற்கால, உப்புக்கோட்டை பக்கம். அது இடிஞ்சி போன ஊரு, ஆனா தண்ணி நல்லா கீதாம். மணல்மலை வழி உட்டா கெளம்பிடுவாரு" என்றாய்.

"அப்பிடி ஒரு ஊரு கீதா?" என்றாள் அத்தை.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இருந்தாரே, எல்லாம் தெரிந்தவர், மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "கீது, கீது. உப்புக்கோட்டை பேப்பர்லயே வந்திச்சே!" என்றார். அதற்குமேல் யார் பேசுவது? நீ என் தலையில் பூவை வைத்தாய். உன் விரல் என் பின்கழுத்தில் பட்டபோது ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. பொங்கி வந்த சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது எனக்கு. பெண் பயந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக அம்பத்தூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அண்ணனோடு இருந்தவன் ஒருத்தன் நம் வீடு தேடி வந்தான். புழுதிக்காற்று அடித்த ஒரு நாளில் லாரியோடு போனவன் திரும்பவில்லை, லாரியும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பெரியப்பா மறுபடியும் வந்தார். ஆனால் இந்த முறை நைனா, "என் மருமவ சொல்லட்டும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு நான் திருமழிசையிலிருந்து வந்திருந்தேன். புதுநெல் குத்தினோம். நீ முறத்தை எடுத்துத் தவிட்டைப் பரப்பி, ஒரு ஊர் வரைந்தாய். பேர் என்ன என்றேன். "இதுக்குப் பேரு வேணாம்" என்றாய். தெரு இருந்தது, வீடு இருந்தது, மேற்கே ஒரு வாசல் இருந்தது. "ஏரி எங்க அண்ணி?" என்றேன். எத்தனை வருஷம் ஏரி கூடாது என்று உன்னோடு சண்டை போட்டவள் நான்! "வேணாம் புள்ளே" என்றாய். மூடப் போகிறாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டுவதற்குள் முறத்தைத் தட்டிவிட்டாய்.

"அவங்க மூடினா அது சாவு. நான் மூடினா, நான் வழியனுப்பின மாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாய். அம்மாவின் மடியில் தாலியை வைத்தாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை, யாரும் உன்னைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. உன் கையாலேயே செய்தாய். அதற்காக உன்னை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் அண்ணி, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பிறகு நீ அந்த வீட்டிலேயே இருந்தாய், மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றினாய், நைனாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாய். ஒரு நாள் ஏரிக்கரையில் மணல்சீமைப் பேச்சை எடுத்தேன். "இன்னா சீமை? வேலையைப் பாரு" என்று விறுவிறுவென்று நடந்துவிட்டாய். உன் புருஷனுக்கு நீ விடை கொடுத்தாய், அது உன் உரிமை. ஆனால் அந்தச் சீமையில் பாதி நான் கட்டியது. அதில் போய்க்கொண்டிருந்தவன் என் கூடப் பிறந்தவன். என்னால் எப்படி மூட முடியும்?

இதுதான் நம் சண்டை. இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். நீ முறத்தைத் தட்டுவதற்கு முன்னாலேயே அவன் அந்த மேற்கு வாசல் வழியாக வெளியே போய்விட்டான். நான் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அவனை நான்தான் நடத்திக்கொண்டு போகிறேன், உனக்குப் பேர் தெரியாத ஊர்கள் வழியாக. உன்னைப்போல நான் எதையும் மணலில் மூடுவதில்லை. அவன் விட்டுப்போகிற ஒவ்வொரு ஊரையும் ஏரியோடும் சனத்தோடும் அப்படியே நிற்க வைத்திருக்கிறேன். திரும்பி வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் வழி இருக்க வேண்டாமா, அண்ணி?