வழுக்கி விழுகிறவரின் மூன்று தாள்கள்

பையின் அடிமடிப்பு இடது பக்கமாக ஏறியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அம்மா கடையிலிருந்து மல்லி வாங்கி வந்திருந்தாள். மல்லியைச் சட்டியில் கொட்டிவிட்டு, வெறும் பையை அடுப்பில் போடுவதற்காகக் கசக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி வாங்கிக்கொண்டேன். பழைய பைக்கு இவ்வளவு அவசரமா என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இது நடந்து இன்றோடு பதினான்கு நாள்.

பாம்பனில் மரைக்காயர் கொட்டகையில் காகிதப் பை ஒட்டிய ஏழு பேரில் நீ ஒருத்திதான் இடதுகைக்காரி. நாங்கள் எல்லாரும் அடியை வலமாக மடிப்போம். உன் மடிப்பு மட்டும் எதிர்ப்பக்கம் ஏறும். ஒரு பைக்கட்டை எடுத்துப் பார்த்த உடனேயே இது யார் ஒட்டியது என்று மரைக்காயர் சொல்லிவிடுவார். நீ போய் மூன்று மாதமாகிறது. நீ ஒட்டிய பை ஊருக்குள் இன்னும் மல்லி சுமந்துகொண்டிருக்கிறது.

பசை ஓரத்தை ஈரத்துணியால் நனைத்துப் பிரித்தேன். உள்ளே ஐந்து ஐந்தாகக் கோடுகள். கோடுகளின் மேல் தலைப்பிரட்டை போல வாலுள்ள கறுப்புப் புள்ளிகள். நாம் தேட வேண்டிய தாள் அது இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நீ ஒட்டியதெல்லாம் எரிந்து போகவில்லை. கடைகளில் இன்னும் இருக்கின்றன. மூன்று மாதமாக நான் செய்யாத காரியத்தை இனிமேலும் செய்யாமல் இருக்க எனக்குச் சாக்கு கிடையாது.

அந்தக் காகிதங்கள் வந்தது நினைவிருக்கிறதா? கொழும்பில் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறவர்கள் விட்டுப்போன பழைய காகிதம், தலைமன்னார் கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்து, ரயிலில் பாம்பனில் இறங்கும். நான் வெட்டுகிறவள், நீ ஒட்டுகிறவள். மடிந்து வரும் தாள் எதுவானாலும் மடிப்பிலேயே கத்தி வைத்து இரண்டாக்க வேண்டும் என்பது கொட்டகையின் முறை. ஒரு தாளுக்கு ஒரு பை. ஒரு நாள் வந்த கட்டில் எல்லாமே பெரிய பெரிய தாள்களாக, முகப்பில் வண்ணப் படத்தோடு இருந்தன. நீ ஒன்றைத் தூக்கிப் பிடித்தாய். கோட்டுப் போட்ட ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி, இரண்டு காலும் அந்தரத்தில் இருக்க, தொப்பி ஒரு பக்கமும் குடை ஒரு பக்கமும் பறக்கிறது.

"இந்தாளு கீழ விழுந்தாரா இல்லையான்னு உள்ள போட்டிருக்கும் பாரு" என்றாய். உள்ளே பார்த்தோம். கோடும் புள்ளியும்தான் இருந்தது.

மரைக்காயரிடம் நீதான் கேட்டாய். எனக்கும் சேர்த்து நீதானே எப்போதும் பேசுவாய். "இவ வாயிலயும் பசை தடவிட்டாக மொதலாளி, நாந்தான் கேக்கணும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். படம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், மற்றதைப் பையாக்கிவிட வேண்டும் என்று அவர் சொன்னார். அன்று முதல் நான் மடிப்பில் வெட்டி முகப்பை உன் மடியில் போடுவேன். மிச்சத்தை ஒட்டுகிற குவியலில் போடுவேன். அதையும் நீயே எடுத்து ஒட்டுவாய். நமக்குக் காகிதம் என்றால் ஒன்று படம், இல்லாவிட்டால் பை. வேறு எதுவாகவும் இருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

முகப்பின் பின்பக்கத்தைப் பார்த்து நீயே ஒரு கணக்கு வைத்தாய். சிலவற்றில் கோடுகளுக்கு நடுவே இங்கிலீஷ் வரி ஓடும். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். வரியே இல்லாத, வெறும் புள்ளி மட்டும் உள்ளவற்றைத்தான் தகரப்பெட்டியில் வைத்தாய். ஏன் என்று கேட்டதற்கு, எழுத்து இருந்தால் அது படித்தவர்களுக்குச் சொந்தம், இது அவர்களுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது, சரிக்குச் சரி என்றாய். ஆறாவதோடு நின்றுபோன எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு பிடித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

பத்தொன்பது சேர்ந்ததும், இந்தப் புள்ளியெல்லாம் என்னவென்று கேட்க, அவற்றைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். கப்பலுக்காகத் திறக்கும் பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் ரயில்வே அதிகாரியின் மனைவியான ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மாவை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்து நீ மறித்ததும், நான் தூணுக்குப் பின்னால் நின்றதும் தனிக்கதை. அவர் வீட்டுப் பியானோவைப் பார்த்ததும், ஆர்மோனியம் மாதிரிக் காற்றடிக்கத் துருத்தி இல்லாமல் இது எப்படிச் சத்தம் போடும் என்று என் காதில் கேட்டாய்.

சட்டைக்காரம்மா உறையைப் பிரித்தார். முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் அமெரிக்காவில் அச்சடித்தது, தன் அப்பா காலத்தில் ரயில்வே கிளப்பில் இதற்குத்தான் ஆடுவார்கள், பாட்டு இல்லாமல் பியானோவுக்கு மட்டும் எழுதியதாகப் பொறுக்கி எடுத்திருக்கிறாயே, உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பிப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். திருப்பத் திருப்ப முகம் மாறியது.

"மிச்சம் எங்கே?"

"மிச்சம் பையாப் போச்சும்மா" என்றாய்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "வாசக்கதவை மட்டும் கழட்டிக் கொண்டாந்திருக்கே. வீடு எங்கே?"

ஆனாலும் வழுக்கி விழுகிறவரை எடுத்துத் திருப்பி, பின்னால் இருந்த ஒரு பக்கத்தை வாசித்தார். இடது கை நிதானமாக நடக்கிறது, வலது கை அதன் காலை வாரிவிட்டுக்கொண்டே இருக்கிறது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பக்கம் முடிந்தது. அவர் கை நின்றது. இது மூன்று தாள் என்று விளக்கினார். முதல் தாள் நம்மிடம் இருக்கிறது. நடுத்தாளில் மூன்றாம் நான்காம் பக்கம், கடைசித் தாளில் ஐந்தாம் பக்கம். பக்கத்தின் எண் மேலே இருக்கும். கீழே 2719 என்று ஒரு எண், இந்த இசைக்கு உரியது, எல்லாப் பக்கத்திலும் இருக்கும்.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போனது. "பந்தியில பாதிச் சோத்துல எழுப்பிவிட்ட மாதிரி இருக்கு புள்ள" என்றாய். நான்தானே வெட்டினேன் என்று எனக்கு அழுகை வந்தது. நீ வெட்டினாய், நான் ஒட்டினேன், ரெண்டு பேருக்கும் பங்கு, அழாதே என்றாய். "ஒண்ணையாச்சும் முழுசாக் கேட்டுப்புடணும். கடை கடையா ஏறித் தேடுவோம்."

அதற்குப் பிறகு அந்த மாதிரித் தாள் ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் செய்தித்தாள்தான். நாம் தேடக் கிளம்புவதற்குள் உனக்குக் காமாலை கண்டது. கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நீ வேறொன்று கேட்டாய்.

"தேடுனியா?"

"தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

பொய். ஒரு கடையில்கூட ஏறவில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு நாக்கு எழாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாய். இரண்டு நாளில் போய்விட்டாய். பாதிரியார் உனக்காக ஜெபித்தபோது நான் ஜெபிக்கவில்லை. அந்தப் பொய்யை எங்கே வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மல்லிப் பையைப் பிரித்த அன்றுதான் இன்னொரு செய்தியும் வந்தது. மண்டபத்து அதிகாரிக்கு மாற்றல். இன்னும் இரண்டு வாரத்தில் சாமானெல்லாம் சரக்கு வண்டியில் ஏறுகிறது, பியானோவும்தான். இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து வேறு பியானோ கிடையாது.

மறுநாள் காலையில் பாம்பன் கடைத்தெருவில் ஏறினேன். முதல் கடையில் வாய் திறக்காமல் கால் மணி நேரம் நின்றிருப்பேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். பிறகு என் மடியிலிருந்த புதுப்பைகளை எடுத்து வைத்து, பழைய பை ஒன்றுக்கு இது இரண்டு தருகிறேன், உங்கள் பைக்கட்டைப் பிரித்துப் பார்க்க விடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாத்தா, பைக்குள்ள கல்யாணக் கடுதாசிய வச்சு ஒட்டிட்டியா?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்படியே நின்றேன். நீயாக இருந்தால் அதற்கு ஒரு பதில் கொடுத்திருப்பாய். நான் புதுப்பைகளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும் கட்டைத் தூக்கிப் போட்டார்.

தேடுவது சுலபமாகத்தான் இருந்தது. அடிமடிப்பு இடமாக ஏறியிருந்தால் எடுப்பேன். வெயிலில் பிடித்தால் கோடு நிழலாகத் தெரியும். தெரிந்தால் பிரித்துக் கீழே எண்ணைப் பார்ப்பேன். பாம்பனில் எட்டுக் கடை, தங்கச்சிமடத்தில் ஐந்து. கோடு போட்டவை பதினொன்று கிடைத்தன. 2719 ஒன்றிலும் இல்லை. பொம்பளைப் பிள்ளை கடை கடையாக ஏறுகிறாள் என்று யாரோ என்னைப் பெத்த அய்யாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே, என்ன தேடுகிறாய் என்று மட்டும் கேட்டார். காகிதம் என்றேன். திருட்டுக் காகிதமா என்றார். இல்லை, வெட்டக் கூடாத இடத்தில் நான் வெட்டியது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்க விடவில்லை.

பத்தாவது நாள் ராமேஸ்வரம் போனேன். கோயில் தெருவில் சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகளுக்கு மரைக்காயர்தான் பை அனுப்புகிறார். நாலாவது கடைக்காரர் வயதானவர். நான் சொன்னதை முழுதும் கேட்டார். அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"போன மாசம் வடக்க இருந்து பெருங்கூட்டமா வந்தாக. கோடு போட்ட பையிலதான் சங்கைப் பொதிஞ்சு குடுத்தேன். ஒன் காயிதம் இந்நேரம் காசியில சாமிகிட்ட உக்காந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அடியில் மிஞ்சிய ஒரு கட்டை எடுத்து வந்தார். சணல் கயிற்றைக்கூட அவர் அவிழ்த்திருக்கவில்லை.

அதில் உன் பை ஆறு இருந்தன. ஐந்தாவதைப் பிரித்தேன். மேலே 5, கீழே 2719. இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் அவரைப் பார்க்கச் சொன்னேன். எண் சரிதான் என்று அவரும் சொன்னார். ஆறாவதில் வேறு எண். நடுத்தாள் இல்லை. அடுத்த இரண்டு நாளும் மிச்சக் கடைகளில் ஏறினேன். எங்கும் இல்லை. அவர் சொன்ன மாதிரி அது வடக்கே போயிருக்க வேண்டும்.

நேற்றுதான் கடைசி நாள். உன் அம்மாவிடம் கேட்டுத் தகரப்பெட்டியிலிருந்து முதல் தாளை எடுத்துக்கொண்டு மண்டபம் போனேன். வீடெல்லாம் வைக்கோலும் பெட்டியுமாகக் கிடந்தது. பியானோவைக் கட்டக் கயிறு எடுத்துக்கொண்டு நாலு பேர் வாசலில் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டைக்காரம்மா, உன்னோடு வந்த அந்தப் பொண்ணு எங்கே என்றார். சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு வெளியே நின்றவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

உப்புக்காற்றில் பியானோவின் இரண்டு கட்டை அமுங்கினால் எழவில்லை. அவற்றை விரலால் நெம்பி எழுப்பிக்கொண்டே வாசித்தார். அதே இடது கை நடந்தது. அதே வலது கை காலை வாரிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் அடிக்கு வந்ததும் கை நின்றது. கடைசித் தாளைக் காட்டினேன். நடுத்தாள் கிடைக்கவில்லை என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நடுவில் இரண்டு பக்கத்தை விட்டுவிட்டுப் போக முடியாது, ராகம் மாறியிருக்கும், இப்படித் தாவினால் கேட்க நன்றாக இருக்காது என்றார். "வேணாம்மா. இது நொண்டும்."

வாசலில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

"நொண்டட்டும்மா" என்றேன். "முடியுற வரைக்கும் வாசிங்க."

கையை நீட்டி முதல் தாளை எடுத்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.